லிப்ட்காரர் விட்ட புகை

அந்த ஞாயிற்றுக்கிழமை, லிப்டு பழுதுபார்க்கிற நம் லிப்ட்காரரின் பொம்மை விமானம் தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை. என்ஜின் கிளம்ப மறுத்துவிட்டது. முன்விசிறியைச் சுற்றிச் சுற்றி அவர் விரல் வீங்கியதுதான் மிச்சம். பொம்மை விமானம் விட அந்தப் பொட்டலில் வாராவாரம் கூடுகிற ஆட்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு, இறக்கைகளைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றி, காரின் டிக்கியில் படுக்க வைத்தார். பிறகு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் வந்தார்.

"இன்னிக்குத்தாங்க பிரமாதம்!" என்றார் மனைவி. கைதட்டிக் கைதட்டி அவருக்கு உள்ளங்கை சிவந்திருந்தது. "என்ன அழகா மேல ஏறி, அப்படியே ஒரு சுத்து சுத்தி வந்துச்சு! இத்தன நாள்ல இப்படி நீங்க ஓட்டினதே இல்ல."

லிப்ட்காரர் திருதிருவென விழித்தார். திரும்பி வானத்தைப் பார்த்தார். அங்கே, அவர்களோடு வாராவாரம் விமானம் விட வருகிற பல் டாக்டரின் பெரிய சிவப்பு விமானம், வெள்ளை வெளேரென்று புகையை இழுத்துக்கொண்டு வட்டமடித்துக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் ஒரு யோக்கியன் என்ன செய்திருப்பான்? "என்னுது டிக்கியில இருக்கு" என்று சொல்லியிருப்பான். நம்மாள் என்ன சொன்னார் தெரியுமா? "ஆமா, இன்னிக்குக் கொஞ்சம் நல்லாத்தான் வந்துச்சு" என்றார். அடுத்தவன் விமானத்துக்கு வந்த பாராட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காரைக் கிளப்பினார்.

ஆனால் பாதி வழியில் அந்தப் பாராட்டு உறுத்த ஆரம்பித்தது. "ஏம்மா, நம்ம பிளேன் என்ன கலரு சொல்லு பாப்போம்?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"அந்த வெயில்ல கலரெல்லாம் எங்க தெரியுது?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லிப்ட்காரருக்குச் சட்டென்று புரிந்தது. மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் திரைச்சீலை தைப்பவர். கர்ட்டன்காரம்மா என்றால்தான் அந்தப் பக்கத்தில் தெரியும். ஊசியில் நூலை ஒரே குத்தில் கோர்த்துவிடுவார். தையலில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் தூரப்பார்வை வேறு கதை. கண்ணாடியை இதற்கு மேல் கனமாக்க வழியில்லை, தூரத்தில் இருக்கிற சின்னப் பொருள் தெரியாது என்று கண் டாக்டர் எப்போதோ கையை விரித்துவிட்டார். லிப்ட்காரர் அன்றைக்குத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், மறுநாள் மறந்தும்போனார். அவருடைய விமானமோ இரண்டு முழ அகலம், மஞ்சள் நிறம். மேலே போனால் ஒரு புள்ளி. அப்படியென்றால் இத்தனை வருஷமாக அந்த அம்மாள் பார்த்தது எதை? வேறு எதை, பல் டாக்டர் விட்ட புகையைத்தான். இத்தனை வருஷப் பாராட்டும் ஒன்று விடாமல் பல் டாக்டருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வயிறு எரிந்தது அவருக்கு. அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் ஒரு நாள்கூடத் தன் விமானத்தைப் பார்த்ததில்லை என்கிற துக்கம். வீடு வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டார். தன் விமானமும் புகை விட வேண்டும். மனைவி அதைப் பார்க்க வேண்டும். எதற்காக என்று மட்டும் மூச்சுவிடக் கூடாது, பாவம், தன் பொய் வெளியே வந்தால் அவர் கூசிப்போவார்.

புகை விடுவது எப்படி என்று கேட்கப் பல் டாக்டரிடமே போக வேண்டியிருந்தது. இதைவிடக் கேவலம் உண்டா? பல்வலி என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு போய், பேச்சோடு பேச்சாகப் புகையைப் பற்றிக் கேட்டார். டாக்டர் அவரை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்து, தண்ணீர் உறிஞ்சும் குழாயையும் மாட்டிவிட்ட பிறகுதான் பேச்சை ஆரம்பித்தார். விமானம் என்றால் டாக்டருக்கு வாய் ஓயாது. கேட்பவருக்குத்தான் வாய் இல்லை.

"ரொம்ப சிம்பிள் சார். தெளிஞ்ச மினரல் ஆயில், குழந்தைங்களுக்குத் தடவுறது மாதிரி. அதுக்குத் தனியா ஒரு சின்ன டாங்க், ஒரு பம்ப். பம்புலேருந்து ஒரு டியூப் நேரா சைலன்சருக்குள்ள போகும். சைலன்சர் கொதிச்சுக்கிட்டிருக்கும் இல்ல, எண்ணெய் பட்டதும் வெள்ளைப் புகையாப் போயிடும். என்ஜின் வேகமா ஓடும்போதுதான் விடணும். ஆறிப்போன சைலன்சர்ல விட்டா புகை வராது, சளி பிடிச்ச மூக்கு மாதிரி ஒழுகும்."

"ஆ... ஆங்கே... ஏச்சி..." என்றார் லிப்ட்காரர். எங்கே வைத்துச் சோதித்துப் பார்ப்பது என்று கேட்டார்.

"வலிக்குதா? இதோ முடிஞ்சிடுச்சு. டாங்க நடுவுல வைங்க. முன்னாடி வச்சா, எண்ணெய் தீரத் தீர பிளேன் மூக்கத் தூக்கிக்கும். அப்புறம் முக்கியமான விஷயம், டெஸ்ட் பண்றதெல்லாம் காத்தோட்டமான இடத்துல பண்ணுங்க."

காற்றோட்டமான இடம் என்றால் என்ன என்று கேட்க மறுபடி வாயெடுத்தார். டாக்டர் அந்த வாயில் இன்னொரு பஞ்சைத் திணித்தார்.

வீட்டில் வைத்துச் சோதிக்க முடியாது, மனைவி எப்போதும் முன்னறையில் இருப்பார். பொட்டலிலும் முடியாது, மானம் போகும். யோசித்து யோசித்து அவருக்கு ஓர் அற்புதமான இடம் அகப்பட்டது. அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டிடத்தின் மொட்டை மாடியில், லிப்டை இழுக்கிற மோட்டார் அறை. அந்த லிப்டைப் பராமரிப்பவரும் அவரே, அறைச் சாவியும் அவர் இடுப்பில். உள்ளே கனமான இரும்பு மேஜை ஒன்று இருந்தது. கதவைத் திறந்து வைத்தால் மொட்டை மாடிக் காற்று சும்மா பிய்த்துக்கொண்டு வரும். இதைவிடக் காற்றோட்டம் யாருக்கு வேண்டும்?

ஒரு புதன்கிழமை காலை, வேலைக்குப் போவது போலக் கிளம்பி, படியேறி மேலே போனார். விமானத்தின் முன்பாகத்தை மேஜையோடு சேர்த்து முறுக்கிக் கட்டினார். டாங்கில் எண்ணெயை ஊற்றினார். என்ஜின் அன்றைக்கு என்னவோ சமர்த்தாகக் கிளம்பியது. அவசரக்குடுக்கை, உடனே பம்ப் சுவிட்சைத் தட்டினார். டாக்டர் சொன்னபடியே சைலன்சர் மூக்கொழுகியது. சட்டையெல்லாம் எண்ணெய். சுவிட்சை அணைத்து, என்ஜினை நன்றாக முடுக்கி, சூடேறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். மறுபடி சுவிட்சைத் தட்டினார்.

வந்தது பாருங்கள் புகை! பால் போன்ற வெள்ளை. அடர்த்தி என்றால் அப்படி ஓர் அடர்த்தி. லிப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் புகையைப் பார்க்காமல் யார் கண்ணாவது தப்புமா என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். டாங்க் பாதியாகும்வரை விட்டுக்கொண்டே இருந்தார். இவ்வளவு புகை வந்தும் அறைக்குள் மூச்சு முட்டவில்லையே, என்ன காற்றோட்டம் என்று மெச்சிக்கொண்டார்.

புகை எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கவில்லை. மோட்டார் அறையின் தரையில், லிப்டின் இரும்புக் கயிறுகள் கீழே இறங்குவதற்கு ஓட்டைகள் உண்டு. வாசல் வழியாக வந்த காற்று, புகையை வெளியே விடாமல் அந்த ஓட்டைகளுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. லிப்ட் குழி முழுக்க வெள்ளைப் புகை இறங்கி, ஒவ்வொரு மாடியிலும் கதவு இடுக்கு வழியாகக் கசிந்தது. ஊரில் பாதி லிப்டுக் குழிகளில் ஏறி இறங்கிய மனிதருக்கு இது தோன்றவில்லை என்றால் யாரிடம் சொல்லி அழுவது?

கீழே காவலாளி புகையைப் பார்த்தார். நிதானமான மனிதர். தீ என்றால் முதலில் லிப்டின் மெயினை அணைக்க வேண்டும் என்று அவருக்குப் பாடம் சொல்லி, செய்தும் காட்டச் சொல்லி, சபாஷ் போட்டவர் சாட்சாத் நம் லிப்ட்காரர்தான். காவலாளி மெயினை அணைத்துவிட்டு, மாடிமாடியாகக் கதவைத் தட்டக் கிளம்பினார்.

லிப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நின்றது. உள்ளே ஒரு ஹோட்டலுக்குத் தைக்க வேண்டிய வெள்ளைத் துணிக் கட்டுகளோடு கர்ட்டன்காரம்மா.

என்ஜினை அணைத்த பிறகுதான் லிப்ட்காரருக்குக் கட்டிடத்தின் கூச்சல் கேட்டது. கூடவே, காலடியில் இருந்த ஓட்டை வழியாக ஒரு குரல்.

"மேல யாருப்பா? நான் லிப்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன். புகையா வருது. தீப்பிடிச்சிருக்கா?"

அது மனைவியின் குரல். ஆனாலும் புத்தி போகவில்லை. குரலைக் கட்டைக்குரலாக மாற்றிக்கொண்டு, "பயப்படாதீங்கம்மா, தீ ஒண்ணும் இல்ல" என்றார்.

"ஏங்க, நீங்களா?"

"...நான்தான்."

"வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனீங்க?"

"இதுவும் வேலை மாதிரிதான்."

"என்ன புகைங்க இது?"

"விமானப் புகை."

"லிப்டுக்குள்ள எதுக்குங்க விமானம்?" அந்த அம்மாள் இருமினார். "நல்ல வெள்ளைத் துணிங்க. எல்லாம் எண்ணெய் வாடை அடிக்குது. உங்களுக்கு எதுக்கு இந்தப் புகை? அந்தப் பல் டாக்டர் வச்சிருக்காருன்னு போட்டியா?"

மற்ற எதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்தப் போட்டி என்கிற சொல் அவரைக் கிளப்பிவிட்டது. தரையில் மண்டியிட்டு, ஓட்டையின் மேல் வாயை வைத்து, "உனக்காகத்தான்!" என்று கத்தினார். "உனக்கு என் பிளேன் தெரியலன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு அது கிளம்பவே இல்ல. டிக்கியில கெடந்துச்சு. நீ டாக்டரோடதுக்குக் கைதட்டின!"

சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்போ," என்றது குரல், மெதுவாக, "'ஆமா, இன்னிக்குக் கொஞ்சம் நல்லாத்தான் வந்துச்சு'ன்னு சொன்னீங்களே, அது?"

லிப்ட்காரர் இருட்டு ஓட்டையைப் பார்த்து அசடு வழிந்தார். அதைப் பார்க்க யாரும் இல்லாதது ஒன்றுதான் ஆறுதல்.

"நீ மட்டும் இத்தன வருஷமா எதுக்கு அப்படிச் சொன்ன?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"வாரம் முழுக்க நீங்க ஏதோ ஒரு மொட்ட மாடியில. நான் மெஷின் முன்னாடி. அந்த ஒரு நாளுதான் ரெண்டு பேரும் சேந்து கார்ல போறோம், வர்றோம். தெரியலன்னு சொன்னா நீங்க என்ன சொல்வீங்க? 'அப்போ எதுக்கும்மா வெயில்ல காயுற, நீ வீட்ல இரு'ன்னு சொல்வீங்க. நல்ல மனசோடதான் சொல்வீங்க. எனக்கு வீட்ல இருக்கப் பிடிக்கல."

அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். வார்த்தை பிசகாமல் அதையே சொல்லியிருப்பார்.

அப்போது எங்கோ இரண்டாவது மாடியிலிருந்து, குடியிருப்போர் சங்கச் செயலாளரின் குரல் குழி வழியாக ஏறி வந்தது. "சார், குடும்ப விஷயத்த வீட்ல வச்சுப் பேசிக்கலாமே. மொதல்ல அம்மாவ எறக்கி விடுங்க. எல்லா மாடியிலயும் கேட்டுக்கிட்டிருக்கோம்."

"நீங்க கேக்காதீங்க!" என்று கர்ட்டன்காரம்மா உள்ளேயிருந்து அதட்டினார்.

லிப்ட்காரர் எழுந்து, பிரேக்கை விடுவித்து, கைச்சக்கரத்தைப் பிடித்து மெல்ல மெல்லச் சுற்றி, லிப்டை மூன்றாவது மாடிக்கு இறக்கினார். அந்த வேலையை அவ்வளவு பதமாக அவர் அதற்குமுன் செய்ததில்லை. தடதடவென்று படியில் இறங்கிப் போய்க் கதவைத் திறந்தார். மனைவி துணிக் கட்டுகளை அணைத்தபடி நின்றிருந்தார். முன்தலை முடியெல்லாம் பிசுபிசுவென்று எண்ணெய். அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாரும் வேறெங்கோ பார்ப்பது போல நின்றுகொண்டிருந்தார்கள்.

"புகை நல்லா வந்துச்சா?" என்று கேட்டார் மனைவி.

"மாடிக்கு மாடி வந்துச்சே" என்றார் அவர்.

அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். இருமலும் சிரிப்புமாக நிறுத்தவே முடியவில்லை. தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. இனிமேல் இந்தக் கட்டிடத்துக்குள் பெட்ரோலில் ஓடுகிற எதற்கும் இடமில்லை என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். வெள்ளைத் துணியை மூன்று முறை அலசியும் வாடை போகவில்லை. கடைசியில் அது அவர்கள் வீட்டு ஜன்னலுக்கே திரையாகித் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பொட்டலுக்குப் போகிற வழியெல்லாம் லிப்ட்காரர் காரை மெல்ல உருட்டிக்கொண்டே போனார். இத்தனை நாள் மனைவி பார்க்கிறார் என்று நம்பி ஓட்டியபோது இல்லாத பயம் இது. இன்றைக்கு உண்மையிலேயே பார்க்கப்போகிறார். பார்த்துவிட்டு, இதற்குத்தானா வாராவாரம் வந்தோம் என்று நினைத்துவிட்டால்? மறுவாரம் வராமலே இருந்துவிட்டால்?

என்ஜின் கிளம்பியது. மஞ்சள் விமானம் ஓடி எழும்பியது. சைலன்சர் சூடேற இரண்டு சுற்று விட்டார். இந்த முறை அவசரப்படவில்லை. பிறகு கையிலிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியில் சுவிட்சைத் தட்டினார். முதலில் நூல் மாதிரி ஒரு கீற்று. பிறகு வானத்தின் குறுக்கே, தடித்த வெள்ளைக் கோடு.

பின்னால் மனைவி எழுந்து வருகிற சத்தம் கேட்டது. நேராக வந்து பக்கத்தில் நின்றார். "அதோ ஒரு கோடு தெரியுது. அது யாரோடது?"

"என்னுதுதான்."

பட்ட அடி அப்படி, அந்த அம்மாள் லேசில் நம்புவதாக இல்லை. "நிறுத்துங்க பாப்போம்." நிறுத்தினார். கோடு அறுந்தது. "இப்போ விடுங்க." விட்டார். கோடு வந்தது. "மறுபடி நிறுத்துங்க." நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் கர்ட்டன்காரம்மாவின் முகம் மலர்ந்தது.

"உங்களுதுதான்!" என்றார். தோளைப் பிடித்து உலுக்கினார். விமானம் மேலே ஒரு குலுக்கு குலுங்கியது.

லிப்ட்காரருக்கு உச்சி குளிர்ந்தது. இத்தனை வருஷம் மனைவிக்குக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு போட்ட அந்தப் பெரிய வட்டத்தை, மேலே ஏறித் தலைகீழாகி இறங்குகிற வட்டத்தை, இப்போது புகையோடு போட்டார். முடித்துவிட்டு மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

மனைவி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றிருந்தார். "அது என்னங்க?"

"வட்டம்."

"எனக்கு உருளைக்கிழங்கு மாதிரி தெரியுது. அந்த எறங்குற பக்கம் சப்புன்னு போயிருக்கு பாருங்க. இந்த வட்டத்தையா இத்தன நாளா நான் பாக்காமலே அழகுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்? டாக்டரோடது நல்ல வட்டமா இருக்கும்."

பக்கத்தில் நின்ற டாக்டர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். லிப்ட்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னொன்று போட்டார். "இதுவும் கோணல்" என்றார் மனைவி. "பிரிச்சுத்தான் தைக்கணும்." இன்னும் பெரிதாக, இன்னும் உயரமாக ஒன்று போடக் கிளம்பினார். அந்த வேகத்தில் விமானத்தை நேராகச் சூரியனுக்குள் ஏற்றிவிட்டார்.

கண் கூசியது. ஒரே வெளிச்சம். மஞ்சள் புள்ளியைக் காணோம். கண்ணில் ஏற்கெனவே கொஞ்சம் தண்ணீர் நின்றிருந்தது, அது வேறு எல்லாவற்றையும் கலக்கியது. என்ஜின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ கேட்டது. விரல்கள் விறைத்துப்போயின.

"எங்க இருக்கு?" என்றார். குரல் உடைந்திருந்தது. "எனக்குத் தெரியல. எங்க இருக்கு?"

"கோடு அங்கதானே வருது! கீழ எறங்குதுங்க, எடது பக்கம், மரத்தப் பாத்து. தூக்குங்க. இன்னும் தூக்குங்க. ஆங், இப்போ சோத்துக் கைப்பக்கம் திருப்புங்க. மெதுவா. நேரா வருது. நம்மள நோக்கித்தான் வருது."

அவர் சொல்லச் சொல்ல இவர் விரல் அசைந்தது. கோடு மரங்களின் உச்சியை உரசாமல் வளைந்து, பொட்டலின் மேல் நீண்டது. கடைசியில்தான் லிப்ட்காரர் கண்ணுக்கு மஞ்சள் தெரிந்தது. தரையில் இறக்கியபோது விமானம் தவளை மாதிரி இரண்டு தத்துத் தத்தி, ஒரு சக்கரத்தை உதிர்த்துவிட்டு நின்றது.

லிப்ட்காரர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "கொஞ்ச நேரம் ஒண்ணுமே தெரியலம்மா எனக்கு" என்றார்.

"பாத்தீங்களா, தெரியலன்னு ஒரு நிமிஷத்துல சொல்லிட்டீங்க" என்றார் மனைவி. முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டார். "எனக்கு எத்தன வருஷம் ஆச்சு."

உதிர்ந்த சக்கரத்தைத் தேடி எடுத்து மாட்டினார்கள். வானத்தில் புகை கலைந்துகொண்டிருந்தது.

"எண்ணெய் மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் எதுக்குச் சும்மா நிக்கிறீங்க? போய் அந்த வட்டத்த ஒழுங்கா போடுங்க" என்றார் கர்ட்டன்காரம்மா. "நான் பாத்துக்கிட்டிருக்கேன்."